பதினோராவது கோல்: 121 துண்டு இடமதிப்புக் கட்டைப் பெட்டி, ஓர் ஆண்டுக்குப் பிறகு

இரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இந்த ஆண்டு அமைப்புகள், இடமதிப்பு என்ற இரண்டு பாடங்களையும் ஒரே வகைப் பெட்டியை, குழுவுக்கு ஒன்றாக வைத்து நடத்தினேன். 121 துண்டுகள் கொண்ட பேஸ் டென், அதாவது பத்துப் பத்தாகச் சேரும் கட்டைப் பெட்டி. ஒன்றைக் குறிக்கும் 100 குட்டிக் கட்டைகள், பத்தைக் குறிக்கும் 10 கோல்கள், நூறைக் குறிக்கும் 10 பலகைகள், ஆயிரத்தைக் குறிக்கும் ஒரு பெரிய கனசதுரம். பெரும்பாலும் இந்த எண்ணிக்கையில்தான் விற்கிறார்கள். என்னுடையது ஒரே நீல நிறத்தில் வந்த பிளாஸ்டிக் பெட்டி. கூடவே பாடத் திட்டங்கள் அடங்கிய ஒரு கையேடும் இருந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டைகளைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் ஒரு குழுவுக்கு ஒரு பெட்டி போதாது. கையேட்டில் உள்ள வரிசையை அப்படியே பின்பற்ற வேண்டாம். ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

பெட்டி வந்த அன்று அளவுகோலை எடுத்து அளந்தேன். குட்டிக் கட்டை 1 செ.மீ., கோல் 10 செ.மீ., பலகை பத்துக்குப் பத்து, எல்லாம் சரியாக இருந்தன. பத்துக் குட்டிகளை வரிசையாக வைத்துப் பக்கத்தில் ஒரு கோலை வைத்தால் இரண்டு முனைகளும் ஒரே கோட்டில் நிற்கின்றன. இந்தப் பொருளின் உயிரே இதில்தான் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் முன்பின் இருந்தாலும் ஏழு வயதுக் கண்ணுக்குத் தெரிந்துவிடும், "சமமா இல்லையே டீச்சர்" என்று கேட்டுவிடுவார்கள். அப்புறம் பத்து ஒன்றுகளும் ஒரு பத்தும் சமம் என்று நாம் எப்படிச் சொல்வது? நீங்கள் வாங்கினால் முதலில் இதைச் சோதித்துப் பாருங்கள். கோலின் மேல் உள்ள கோடுகள் விரல் நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்கு ஆழமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சில பிள்ளைகள் கண்ணால் எண்ணுவதைவிட நகத்தால் எண்ணுகிறார்கள்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்றுக்கு ஒரு நிறம், பத்துக்கு ஒரு நிறம் என்று நான்கு நிறங்களில் வரும் பெட்டிகளும் உண்டு. பார்க்க அழகாக இருக்கும். ஆனாலும் நான் ஒரே நிறத்தைத்தான் பரிந்துரைப்பேன். நான்கு நிறம் என்றால் பிள்ளை அளவைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்தே விடை சொல்லிவிடும். பச்சை என்றால் பத்து என்று மனப்பாடம் ஆகிவிடும். பத்து ஒன்றுகள் சேர்ந்துதான் அந்தப் பத்து வந்தது என்பது மனதில் பதியாது.

இந்த யோசனை புதிதல்ல. மாண்டிசோரி வகுப்புகளின் தங்க மணிகளிலேயே பத்துக் கம்பி, நூறு சதுரம், ஆயிரம் கனசதுரம் எல்லாம் உண்டு. இன்று நாம் வாங்கும் கட்டைகளுக்குப் பின்னால் இருப்பவர் ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் சோல்டான் டீன்ஸ் (1916–2014). அவர் பத்தடிமானத்துக்கு, அதாவது பத்துப் பத்தாகச் சேர்த்து எண்ணும் முறைக்கு மட்டும் கட்டை செய்யவில்லை. மூன்று மூன்றாக, நான்கு நான்காகச் சேரும் கட்டைகளும் அவருடைய தொகுப்பில் இருந்தன. கூட்டம் சேர்ந்ததும் அடுத்த இடத்துக்கு ஏற வேண்டும் என்பதைப் பிள்ளை பல அடிமானங்களில் விளையாடிப் பார்த்துத் தானே உணர வேண்டும் என்பது அவர் எண்ணம். இன்றைய பெட்டியில் பத்து மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. அதுவும் ஏற்கெனவே ஒட்டிய பத்து.

இந்த ஒட்டிய பத்துதான் பெட்டியின் பெரிய குறை. கோலைக் கையில் எடுக்கும் பிள்ளைக்கு அது ஒரே ஒரு பொருள். பத்தை ஒன்றாகவும் பார்க்க வேண்டும், அதே நேரத்தில் பத்தாகவும் பார்க்க வேண்டும், இடமதிப்பில் கடினமான இடமே அதுதான். ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு ஒரு சின்னச் சோதனை வைத்தேன். 16 பொத்தான்களைக் கொட்டி எண்ணச் சொன்னேன். எண்ணி 16 என்று எழுதினார்கள். 6-ஐத் தொட்டு, "இது எத்தனை பொத்தான்?" என்றேன். ஆறு பொத்தான்களைத் தள்ளிவைத்தார்கள். 1-ஐத் தொட்டேன். ஒரு பொத்தானைத் தள்ளிவைத்தார்கள். "அப்போ மிச்சம் இருக்கிறதெல்லாம்?" என்று கேட்டால் ஒன்பது பொத்தான்களைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள். வகுப்பில் பாதிக்கு மேல் இப்படித்தான். முகமதிப்பு தெரிகிறது, இடமதிப்பு தெரியவில்லை. இவர்களிடம் முதல் நாளே ஒட்டிய பத்தைக் கொடுத்தால், "கோல் என்றால் பத்து" என்று வாய் சொல்லும். உள்ளே புரிதல் மாறாது.

அதனால் முதல் இரண்டு வாரங்கள் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஐஸ் குச்சிகளும் ரப்பர் பேண்டும்தான். எண்ணு, பத்து சேர்ந்ததும் கட்டு, மறுபடி எண்ணு. தாங்களே கட்டிய கட்டு என்பதால் அதற்குள் பத்து இருக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது வாரம் ஒன்றோடொன்று மாட்டும் கட்டைகள். நான்காவது வாரம்தான் நீலப் பெட்டி. அப்போதும் ஒருவன் 52-லிருந்து 27-ஐக் கழிக்கும்போது கோலை முறிக்கப் பார்த்தான். சரியான யோசனைதான்! குச்சிக் கட்டாக இருந்தால் பேண்டை அவிழ்த்திருப்பான். கோல் அவிழாது, மாற்றித்தான் வாங்க வேண்டும். அதற்காகவே ஒரு பிள்ளையை "வங்கி" ஆக்கி, கோலைக் கொடுத்துப் பத்துக் குட்டிகளை வாங்கும் விளையாட்டைத் தொடங்கினேன். வங்கியில் இருக்கும் பிள்ளை உரக்க எண்ணித்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். 58-ஐயும் 67-ஐயும் கூட்டக் கொடுத்திருந்தேன். ஐந்து கோல், எட்டுக் குட்டி ஒரு பக்கம். ஆறு கோல், ஏழு குட்டி இன்னொரு பக்கம். எண்ணிப் பாருங்கள், பதினொரு கோல்கள் வேண்டும். பெட்டியில் இருப்பதோ பத்து. குழு அப்படியே நின்றுவிட்டது. கையேட்டில் இதே மாதிரிக் கூட்டல் இருக்கிறது, ஆனால் கோல் போதாது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. நான் பக்கத்துக் குழுவிலிருந்து ஒன்று எடுத்துவரத் திரும்பினேன். அதற்குள் எப்போதும் அமைதியாக இருக்கும் ஒரு சிறுமி, மீதிக் குட்டிகளிலிருந்து பத்தை எண்ணி எடுத்து, அளவுகோலின் ஓரத்தில் வரிசையாக ஒட்டி நிறுத்தி, "இது கோல், டீச்சர்" என்றாள். இரண்டு மாதத்துக்கு முன் 16-இல் உள்ள 1-க்கு ஒரு பொத்தானைத் தள்ளியவள் அவள்தான். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வரிசைதான் கண்ணில் நின்றது.

பாடம் நன்றாக அமைந்தது என்பதற்காகக் குறையை மறைக்க முடியாது. இரண்டிலக்க எண்கள் இரண்டைக் கூட்டும்போது அதிகபட்சம் 99-உம் 99-உம். அதற்கு 18 கோல்கள் வேண்டும், குட்டிகளை மாற்றினால் இன்னொன்று சேர்ந்து 19. ஆகவே ஒரு குழுவுக்கு 20 கோல்கள் இருந்தால் எந்தக் கணக்குக்கும் தடங்கல் வராது. கோல்கள் தனியாகக் கிடைத்தால் அவற்றை மட்டும் கூடுதலாக வாங்குங்கள். பலகைகள் பத்தும் பெரிய கனசதுரமும் இந்த வகுப்புக்குத் தாராளம்.

அமைப்புகள் பாடத்துக்கு இந்தப் பெட்டி உதவுமா என்று சந்தேகமாக இருந்தது. ஒரே நிறம் என்பதால் சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று அடுக்க முடியாது. ஆனால் வடிவத்தால் அடுக்கலாம். கோல், குட்டி, குட்டி, மறுபடி கோல், குட்டி, குட்டி. அடுத்து என்ன வரும் என்று கேட்டால் எல்லாரும் சொல்லிவிடுவார்கள். அதைவிட, "திரும்பத் திரும்ப வரும் துண்டு எது, கையால் மூடிக் காட்டு" என்று கேளுங்கள். இங்கேதான் பிள்ளைகள் பிரிகிறார்கள். சிலர் ஒவ்வொரு கட்டையாகப் பாட்டுப் போலச் சொல்லிக்கொண்டே போவார்கள், எங்கே ஒரு சுற்று முடிகிறது என்பது தெரியாது. நடுவில் ஒரு கட்டையை எடுத்துவிட்டு எது காணோம் என்று கேட்டால் இன்னும் தெளிவாகும். அதே அமைப்பைக் கைத்தட்டலாக மாற்றச் சொல்லலாம்: ஒரு தட்டு, இரண்டு சொடக்கு.

அந்த அடுக்கு இன்னொரு கதவையும் திறந்தது. ஒரு சுற்றின் மதிப்பு 12. இரண்டு சுற்று 24, மூன்று 36, நான்கு 48. இதுவரை கோலையும் குட்டியையும் எண்ணினாலே விடை. ஐந்தாவது சுற்றில் ஐந்து கோல், பத்துக் குட்டி. "ஐந்து பத்து, பத்து ஒன்று... ஐநூற்றுப் பத்தா?" என்று ஒருவன் எழுதியே காட்டினான், 510 என்று. வங்கிக்குப் போய்ப் பத்துக் குட்டிகளைக் கொடுத்து ஒரு கோல் வாங்கியதும் 60. ஒன்பதாவது சுற்றில் ஒன்பது கோல், பதினெட்டுக் குட்டி. மாற்றினால் பத்துக் கோல் எட்டுக் குட்டி, இன்னொரு முறை மாற்றினால் ஒரு பலகை எட்டுக் குட்டி, 108. இரண்டு பாடமும் ஒரே மேசையில் சந்தித்தன. கையேட்டில் அமைப்புகளும் இடமதிப்பும் வேறு வேறு பகுதிகளில் ஒன்றையொன்று தெரியாமல் இருக்கின்றன. நான் எழுதும் பாடத் திட்டத்தில் இனி இரண்டையும் பிரிக்க மாட்டேன்.

எண்ணுப் பெயர்கள் பற்றிக் கையேட்டில் எதிர்பார்க்க முடியாது, அது நாம்தான் சேர்க்க வேண்டும். இருபது, முப்பது, நாற்பது என்று சொல்லிக்கொண்டே வந்தால் தமிழில் இடமதிப்பு காதிலேயே கேட்கும். ஆனால் தொண்ணூற்று மூன்றை எழுதச் சொல்லுங்கள். 103 என்று எழுதும் பிள்ளை நிச்சயம் இருக்கும். அதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது? காதில் நூறுதானே விழுகிறது. ஒன்பது கோல்களை ஒரு பலகையின் மேல் அடுக்கினேன். ஒரு கோல் அளவுக்கு இடம் காலி. "நூற்றுக்கு ஒரு கோல் குறைச்சல், அதற்குப் பெயர் தொண்ணூறு" என்றேன். அப்புறம் பிள்ளைகளே மேலே போனார்கள். தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்கிறது, ஒரு பலகை குறைச்சல். கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி, "ஒன்பதும் இருபது, முப்பது மாதிரி 'பது'ன்னுதான் முடியுது, டீச்சர்!" என்றாள். ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம், மூன்றும் அடுத்த இடத்தின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கின்றன. நான் இத்தனை ஆண்டு பாடம் நடத்தியும் அந்த அமைப்பை அவள் சொல்லித்தான் கவனித்தேன்.

முந்நூற்று ஐந்தை 3005 என்று எழுதுவது எல்லா ஆண்டும் வரும் சிக்கல். மூன்று பலகை, ஐந்து குட்டி வைத்தால் நடுவில் கோலே இல்லை, அந்த இல்லாமையை எழுத வேண்டும் என்பதுதான் புரியவில்லை. பழைய தமிழ் எண்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱ என்று தனிக் குறி உண்டு. 305 அந்த முறையில் ௩௱௫. பிள்ளைகளுக்கு ஒரே மகிழ்ச்சி, அவர்கள் நினைத்தபடியே இருந்ததால். பிறகு ௱ குறியை அழித்துவிட்டு, "இப்போ மூன்று நூறா, மூன்று பத்தா எப்படித் தெரியும்?" என்றேன். இடத்தைப் பிடித்து வைக்க ஏதாவது வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். பூஜ்ஜியத்தை அப்போதுதான் எழுதினேன்.

பெரிய கனசதுரம் பிளாஸ்டிக்கில் உள்ளே வெற்றாக இருக்கும். பிள்ளைகள் ஆறு முகங்களையும் பார்த்து, ஒவ்வொன்றிலும் நூறு என்று அறுநூறு சொல்கிறார்கள். பத்துப் பலகைகளைப் பக்கத்தில் அடுக்கி உயரத்தை ஒப்பிட்டால் சரியாகிவிடும். அதற்கு மட்டும் பெட்டியின் பத்துப் பலகைகள் கச்சிதம்.

குட்டிக் கட்டைகள் தொலையும். மேசைக்கு அடியில், ஜியோமெட்ரி பெட்டிக்குள், சட்டைப் பையில் போய்விடும். வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எல்லாக் குட்டிகளையும் ஒரு பலகையின் மேல் அடுக்கச் சொல்வேன். மூலையில் ஒன்று வைத்து, அதைச் சுற்றி மடக்கிய வரிசையாக 3, அதைச் சுற்றி 5, பிறகு 7. ஒவ்வொரு மடக்கிலும் சதுரம் வளர்கிறது: 1, 4, 9, 16. கடைசி மடக்கில் 19 வைத்தால் பலகை நிறைந்து நூறு ஆகும். ஒரு மூலை காலியாகத் தெரிந்தால் யாரும் சொல்லாமலே எல்லாரும் குனிந்து மேசைக்கு அடியில் தேடத் தொடங்குகிறார்கள்.