குழந்தைகளுக்கான பழ பார்: கடையில் எந்தப் பேரீச்சையை எடுப்பது?

சர்க்கரை, வெல்லம், தேன் எதுவும் போடாமல் பழத்தின் இனிப்பிலேயே பார் சுட வேண்டுமென்றால், பார்த்து வாங்க வேண்டியது பேரீச்சம்பழத்தைத்தான். ஓட்ஸ் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சமாளித்துவிடலாம். பேரீச்சை தவறினால் பார் உதிரும், அல்லது களி மாதிரி நடுவில் நிற்கும். இந்த பாரில் பேரீச்சைக்கு இரண்டு வேலை. இனிப்பு கொடுக்க வேண்டும், கடலை மிட்டாயில் பாகு செய்கிற மாதிரி எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தவும் வேண்டும். அப்படியே சாப்பிட அருமையாக இருக்கிற பழமெல்லாம் இந்த இரண்டாவது வேலைக்கு ஒத்துவராது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மளிகைக் கடையில் கிடைக்கும் கொட்டை நீக்கிய சாதாரண பாக்கெட் பேரீச்சையே போதும். ஒழுங்காக ஊறவைத்தால் இதைவிடச் சிறந்தது வேண்டியதில்லை. கிமியா என்ற ஈரமான ஈரான் பேரீச்சையும் நல்லது, ஆனால் அளவை மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். மெட்ஜூல் என்ற விலை உயர்ந்த பெரிய பேரீச்சையை ஓவனில் வைப்பது வீண் செலவு. பாட்டிலில் வரும் பேரீச்சை சிரப்பை வாங்கவே வேண்டாம்.

எல்லா வகைக்கும் ஒரே அளவை வைத்துப் பேசினால்தான் வித்தியாசம் புரியும். 20 சென்டிமீட்டர் (8 அங்குலம்) சதுரத் தட்டுக்கு: கொட்டை நீக்கிய பேரீச்சை 200 கிராம், ரோல்டு ஓட்ஸ் 150 கிராம், வறுத்த கேழ்வரகு மாவு 60 கிராம், நன்றாகக் கனிந்த வாழைப்பழம் தோல் இல்லாமல் 100 கிராம், சர்க்கரை சேர்க்காத பீனட் பட்டர் 60 கிராம், நெய் 1 டேபிள்ஸ்பூன், முட்டை ஒன்று, ஒரு சிட்டிகை ஏலப்பொடி. முட்டை வேண்டாமென்றால் 1 டேபிள்ஸ்பூன் ஆளிவிதைப் பொடியை 3 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் வைத்தால் கொழகொழவென்று வரும், அதைச் சேர்க்கலாம். 160 டிகிரியில் நடுத்தட்டில் 22 முதல் 25 நிமிடம். ஆறியபின் 16 துண்டு போட்டால் ஒன்று ஏறக்குறைய 40 கிராம் வரும்.

கேக் சுடுகிற பழக்கத்தில் 180 டிகிரி வைப்பவர்கள்தான் அதிகம். அந்தச் சூட்டில் இது கருகும். பெரும்பாலான பேரீச்சை வகைகளில் இருப்பது குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். சாதாரணச் சர்க்கரையைவிட இவை குறைந்த சூட்டிலேயே நிறம் மாறத் தொடங்கும். ஓரம் கறுத்துக் கசக்கும், நடு வெந்திருக்காது. ஓடிஜி எனப்படும் சின்ன மின் ஓவனின் குமிழ் காட்டும் அளவும் உள்ளே இருக்கும் சூடும் பல சமயம் ஒத்துப்போவதில்லை என்பதால், ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைப்பது நல்லது.

இனி வகைகள். பாக்கெட் பேரீச்சை என்பது கொட்டை எடுத்து அழுத்திக் கட்டியாக வைத்திருப்பது. தோல் சற்றுத் தடிப்பு, ஈரம் குறைவு. இந்த ஈரக் குறைவுதான் இதன் பலம், எவ்வளவு தண்ணீர் சேர வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம். வாங்கும்போது லேபிளைத் திருப்பிப் படியுங்கள். பொருட்கள் பட்டியலில் பேரீச்சை மட்டும் இருக்க வேண்டும். சில பாக்கெட்டுகளில் மினுமினுப்புக்காகக் குளுக்கோஸ் சிரப்போ எண்ணெயோ பூசியிருப்பார்கள். குளுக்கோஸ் சிரப் இருந்தால் சர்க்கரை சேர்க்காமல் சுடுகிறோம் என்பதே பொய்யாகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு பழத்தையும் பிளந்து பார்க்க வேண்டும். இதில் சோம்பல் கூடாது. கொட்டை நீக்கியது என்று எழுதியிருந்தாலும் அங்கங்கே கொட்டைத் துண்டு கிடக்கும். மிக்ஸியில் உடைந்து கூரான சில்லாகிவிட்டால் பிறகு விழுதிலிருந்து பொறுக்க முடியாது. காம்பை ஒட்டிய கடினமான மூடியையும் கிள்ளி எடுத்துவிடுங்கள். உள்ளே கருநிறப் பொடியோ நூலாம்படை மாதிரியோ தெரிந்தால் புழுவோ பூஞ்சையோ பிடித்த பழம், தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஊறவைப்பதில்தான் பெரும்பாலான பார் கெட்டுப்போகிறது. இரவு முழுக்க ஊறப்போட்டு, நீரோடு அரைத்தால் விழுது சட்னி மாதிரி ஆகிவிடும். பழம் மூழ்கும் அளவுக்கு மட்டும் கொதிநீர் ஊற்றி, மூடி, 15 நிமிடம் போதும். வடித்து, லேசாகப் பிழிந்து, சின்ன ஜாரில் விட்டு விட்டு அரைக்கவும். சுற்ற மறுத்தால் ஊறிய நீரில் 2 டேபிள்ஸ்பூன் வரை விடலாம், அதற்கு மேல் வேண்டாம். ஸ்பூனில் எடுத்துக் கவிழ்த்தால் விழுது உடனே விழக்கூடாது. ஒட்டி நின்று, மெதுவாக நழுவ வேண்டும். அதுதான் சரியான பதம். இந்தப் பதத்தில் இருந்தால் மேலே சொன்ன அளவு அப்படியே பொருந்தும்.

கிமியா வேறு மாதிரி. ஈரானின் பாம் பகுதியில் விளையும் மசாஃபதி ரகத்தைத்தான் இங்கே கிமியா என்று அட்டைப் பெட்டியில் விற்கிறார்கள். கறுப்பாக, பிசுபிசுப்பாக, தோல் மெல்லியதாக இருக்கும். ஊறவைக்கவே வேண்டாம், கொட்டையை எடுத்துவிட்டு முள்கரண்டியால் மசித்தாலே விழுதாகிவிடும், மிக்ஸி கழுவும் வேலை மிச்சம். சுவையும் பாக்கெட் பழத்தைவிட ஒரு படி மேல். ஆனால் ஈரம் மிக அதிகம். அதே அளவில் சுட்டால் மேலே வெந்த மாதிரி இருக்கும், வெட்டும்போது நடுவில் கத்தியோடு இழுத்துக்கொண்டு வரும். ஓட்ஸை 180 கிராமாக உயர்த்தி, வாழைப்பழத்தை 70 கிராமாகக் குறைத்தால் சரியாகிவிடும். கூடவே சூட்டை 155க்கு இறக்கி, 5 நிமிடம் கூடுதலாக வைக்கலாம். இதைக் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும், கடையும் அப்படி வைத்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெட்டியைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தால் பழம் நொதிக்கத் தொடங்கிவிட்டது, குழந்தைக்கு வேண்டாம். ரம்ஜான் மாதத்தில் சரக்கு வேகமாக நகரும், புதிதாகக் கிடைக்கும்.

மெட்ஜூலைப் பற்றிக் குறையொன்றும் இல்லை. பெரிய பழம், கேரமல் மணம், நார் தெரியாத சதை. ஆனால் விலை பாக்கெட் பழத்தைப் போலப் பல மடங்கு. வறுத்த கேழ்வரகும் வேர்க்கடலையும் சேர்ந்து ஓவனுக்குள் போனபின் அந்த மென்மையான மணம் தெரிவதே இல்லை. இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் எந்த பார் எது என்று சொல்வது கடினம். சுடாமல் உருட்டிச் செய்யும் உருண்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அதன் அருமை தெரியும். அஜ்வா என்ற விலை உயர்ந்த சவூதிப் பேரீச்சைக்கும் இதே பதில்.

காய்ந்த பேரீச்சை, அதன் பொடி இரண்டும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பொடி கஞ்சியில் கலக்க நல்லது. பாரில் அது பிடிமானம் தராது, இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும், விளைவு மணல் மாதிரி உதிரும் பார். காற்றுப் பட்டால் பொடியே கல்லாகக் கட்டிவிடும் என்பது கூடுதல் தொல்லை.

பேரீச்சை சிரப்பை வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணம். ஒன்று சமையல் காரணம்: அதில் நார்ச்சத்து கிட்டத்தட்ட இல்லை, வெறும் திரவ இனிப்பு, ஓவனில் இளகி அடியில் வழிந்து பட்டர் பேப்பரோடு ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று முக்கியமானது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தேனிலும் சிரப்பிலும் பழச்சாற்றிலும் இருக்கும் இனிப்பைச் சர்க்கரையோடு ஒன்றாகவே கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு மொத்த உணவின் ஆற்றலில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். முழுப் பழத்தில் இருக்கும் இனிப்பு இதில் சேராது. பிரிட்டனில் இன்னும் கறாராக, பழத்தை அரைத்த கூழில் இருப்பதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆகவே பாட்டிலில் ‘இயற்கை இனிப்பு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து மனம் ஆற வேண்டாம். பேரீச்சையிலும் 50 கிராமை அரைக்காமல் பொடியாக நறுக்கிச் சேர்ப்பது நல்லது. கடிக்கும்போது இனிப்பு அங்கங்கே தட்டுப்படும், மொத்த இனிப்பு குறைவாக இருந்தாலும் குழந்தைக்குக் குறை தெரியாது.

பழ இனிப்பு என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம் என்று நினைக்கக்கூடாது. பேரீச்சையின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். மேலே சொன்ன அளவில் ஒரு துண்டில் பேரீச்சையிலிருந்து மட்டும் 8 கிராம் வரும். இரண்டு வயதுக் குழந்தைக்கு அரைத் துண்டு போதும், அதுவும் சாப்பாட்டை ஒட்டி. உலர்பழம் பல்லில் ஒட்டிக்கொண்டு நிற்கும் என்பதால் தூங்கப் போகுமுன் தருவது தவறு.

துணைக்கு வரும் பழங்களில் வாழைப்பழ ரகமும் கணக்கில் வரும். கற்பூரவள்ளி நன்றாகக் கனிந்தது கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். அந்த இனிப்புக்கு பேரீச்சையை 170 கிராமாகக் குறைத்துக்கொள்ளலாம். ரொபஸ்டா தோலில் கரும்புள்ளி விழுந்தபின் சரி. பூவனில் லேசான புளிப்பு நிற்கும். நேந்திரம் மாவுத்தன்மை மிகுந்தது, பார் கனத்துப் போகும். கிஸ்மிஸ் சேர்ப்பதானால் கறுப்பு நல்லது. பொன்னிறமாக மின்னும் கிஸ்மிஸிலும் பளிச்சென்ற ஆரஞ்சு நிற ஆப்ரிகாட்டிலும் நிறம் போகாமலிருக்க சல்பர் டை ஆக்சைடு பயன்படுத்துவார்கள், லேபிளில் 220 என்ற எண்ணாக இருக்கும். உலர் க்ரான்பெர்ரி பெரும்பாலும் சர்க்கரையில் ஊறியது. டூட்டி ஃப்ரூட்டி சர்க்கரைப் பாகில் ஊறிய பப்பாளிக்காய், பழக் கணக்கில் வரவே வராது.

கேழ்வரகு மாவைச் சிறுதீயில் 5, 6 நிமிடம் வாசம் வரும்வரை வறுத்தே போட வேண்டும். 25 நிமிட ஓவன் சூட்டில் பச்சை வாடை போகாது. அதில் குளூட்டன் இல்லை, மாவைப் பிணைக்கும் பசை கிடையாது. சத்து என்று 100 கிராம் போட்டால் பார் தொட்ட இடத்தில் பொடியும். ஓட்ஸில் இன்ஸ்டன்ட் வகை வேண்டாம், குழைந்துவிடும். ரோல்டு ஓட்ஸில் பாதியை மிக்ஸியில் ஒரே சுற்று சுற்றி எடுத்தால் சின்னப் பல்லுக்கு மெல்ல எளிது.

செய்முறையில் மூன்று இடங்களில் பொறுமை வேண்டும். முதலில் விழுது, வாழைப்பழம், பீனட் பட்டர், நெய், முட்டை எல்லாம் ஒன்றாகக் கலந்தபின்தான் உலர் பொருட்கள். கலந்ததும் ஓவனில் வைக்காமல் பத்து நிமிடம் விடுங்கள், ஓட்ஸ் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அடுத்து, தட்டில் பரப்பிய கலவையை ஈரம் தொட்ட கிண்ணத்தின் அடியால் நன்றாக அழுத்த வேண்டும், மூலைகளிலும். இறுகாத பார் எந்தப் பேரீச்சை போட்டாலும் உதிரும். கடைசியாக, வெளியே எடுத்தபின் ஒரு மணி நேரமாவது ஆறவிட வேண்டும். சூட்டில் விழுது இளகியிருக்கும், ஆறினால்தான் இறுகும். வெந்ததா என்று குச்சி குத்திப் பார்ப்பது இங்கே உதவாது, பேரீச்சை எப்போதும் ஒட்டிக்கொண்டுதான் வரும். ஓரம் தட்டைவிட்டு லேசாக விலகி, நடுவை விரலால் தொட்டால் பள்ளம் விழாமல் இருந்தால் போதும்.

முழு முந்திரி, பாதாம், வேர்க்கடலை ஐந்து வயதுக்குக் கீழ் வேண்டாம், தொண்டையில் சிக்கும். பொடித்தோ அரைத்தோ சேர்க்கவும். ஒரு வயதுக்குள் தேன் எந்த வடிவிலும் கூடாது. அதிலிருக்கும் நுண்ணுயிர் வித்துகள் கைக்குழந்தைக்கு பாட்டுலிசம் என்ற ஆபத்தான நோயைக் கொண்டுவரலாம், சாதாரண ஓவன் சூட்டில் அவை அழிவதும் இல்லை. வேர்க்கடலையும் முட்டையும் குழந்தைக்கு ஒத்துக்கொள்கின்றன என்று தெரிந்தபின்தான் இந்த பார்.

கடை பார் மாதிரி நாள்கணக்கில் கெடாமல் இருக்கும் என்று எதிர்பார்த்து ஏமாறக்கூடாது. ஈரமும் வாழைப்பழமும் இருப்பதால் நம் ஊர் வெயிலில் வெளியே ஒரு நாள்தான். ஃப்ரக்டோஸ் காற்றின் ஈரத்தை இழுக்கும், கடலோர ஊர்களில் மாலைக்குள் மேற்பரப்பு பிசுபிசுக்கும். காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் ஐந்து நாள். கிமியா பார் என்றால் நான்கு நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஃப்ரீசரில் ஒரு மாதம் தாங்கும், துண்டுகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்தால் ஒன்றையொன்று ஒட்டாது. பள்ளிக்குக் கொடுத்தனுப்புவதானால் காலையில் ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேராக டப்பாவில் போடலாம், இடைவேளைக்குள் பதமாக இளகியிருக்கும்.