ராம்நாட்ல தலசீமியா டெஸ்ட் எடுத்த அனுபவம்: ஊசி போடுறவங்க சூப்பர், விளக்கம் சொல்ல ஆளே இல்ல (5க்கு 3)

தங்கச்சி மாசமா இருக்கா, இரும்பு மாத்திரை ஒழுங்கா போட்டும் ஹீமோகுளோபின் ஏறவே இல்ல, சிவப்பணு எண்ணிக்கை நல்லாத்தான் இருக்கு ஆனா செல்லு சைஸ் ரொம்ப சின்னதுனு பாத்துட்டு டாக்டரம்மா தலசீமியா (ஹீமோகுளோபின் சரியா உருவாகாத பரம்பரை ரத்தக் கோளாறு) டெஸ்ட் எழுதிக் குடுத்துட்டாங்க. நாங்க தங்கச்சிமடம். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பீங்களானு போன் போட்டா பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் வரமாட்டோம்னாங்க, சரினு மாசமா இருக்கிறவள பஸ்ல கூட்டிக்கிட்டு ராம்நாடு டவுனுக்கே போனோம். லேப் பேர இங்க போடல.

ரத்தம் எடுத்த அக்காவுக்கு தனியா 5க்கு 5. தங்கச்சிக்கு நரம்பே தெரியாது, பேசிக்கிட்டே ஒரே குத்துல எடுத்துட்டாங்க. ஊதா மூடி ட்யூப்ப சர்ருனு ஆட்டாம மெதுவா தலைகீழா திருப்பித் திருப்பி கலந்தாங்க, பேர எங்க கண்ணு முன்னாடியே எழுதி ஒட்டுனாங்க. நான் பயோடெக் படிச்சிட்டு இப்ப மண்டபத்துல எறா கம்பெனில குவாலிட்டி பாக்குறவன், சாம்பிள் எப்படி கையாளணும்னு ஓரளவு தெரியும், இதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது.

கொறை எல்லாம் ரிப்போர்ட் வந்த பிறகு தான். எச்பிஏ2ங்கிற ஹீமோகுளோபின் வகை 5.4 சதவீதம், 3.5க்கு மேல போனா பொதுவா கேரியர், அதாவது ஜீன் மாற்றத்த சுமக்குறவங்கனு அர்த்தம், அது சரி. அதுக்குக் கீழ ஜீன் ரிப்போர்ட்ல "ஐவிஎஸ் 1-5 ஜி>சி, ஹெட்டிரோசைகஸ்"னு ஒரே ஒரு வரி. இது என்னங்கனு கேட்டா கவுன்டர்ல இருந்த பையன் பத்து பேருக்கு முன்னாடி "ரத்தத்துல வியாதி இருக்கு, டாக்டர்கிட்ட காட்டுங்க"ங்கிறான். எங்க அத்தை அங்கயே அழ ஆரம்பிச்சிருச்சு. யப்பா, கேரியர்னா வியாதி இல்லப்பா!

அந்த ஒரு வரிய நானே சொல்றேன், நாளைக்கு உங்க வீட்டு ரிப்போர்ட்லயும் வரலாம், ஏன்னா இந்தியாவுல பீட்டா தலசீமியாவுக்கு அதிகமா காரணமா இருக்குற மாற்றமே இதுதான். ஹீமோகுளோபின் ஜீன்ல இருந்து மொதல்ல நீளமா ஒரு ஆர்என்ஏ, அதாவது ஜீனோட நகல், வரும், அதுல வேண்டாத துண்டு, அதாவது இன்ட்ரான், நடுவுல இருக்கும். கிழிஞ்ச வலைல கெட்ட பாகத்த வெட்டிட்டு நல்ல கண்ணிய கண்ணியோட சேத்து முடியிறோம்ல, அதே வேலைய செல்லு செய்யுது, அதுக்குப் பேரு ஸ்ப்ளைசிங். மொத இன்ட்ரான்ல அஞ்சாவது எழுத்து ஜிக்குப் பதிலா சி ஆயிட்டா வெட்டுற எடம் சரியா புரியாம செல்லு பக்கத்துல கண்ட எடத்துல வெட்டிரும், சரியா வெட்டுன ஆர்என்ஏ கொஞ்சம்தான் கிடைக்கும். ஹெட்டிரோசைகஸ்னா ஜீனோட ரெண்டு காப்பில ஒண்ணுல மட்டும் மாற்றம்னு அர்த்தம், தங்கச்சிக்கு இன்னொரு காப்பி நல்லா இருக்கிறதால லேசான சோகை, அவ்ளோதான்.

காலேஜ்ல ஏட்ரியன் கிரைனர்னு ஒருத்தரப் பத்தி படிச்சிருக்கேன், உருகுவேல பொறந்தவரு. 1984லயே ஹார்வர்ட்ல மாணவரா இருக்கும்போது இதே பீட்டா குளோபின் (ஹீமோகுளோபினோட ஒரு பாகம்) ஆர்என்ஏவ, நல்லதையும் தலசீமியா மாற்றம் உள்ளதையும், டெஸ்ட் ட்யூப்ல போட்டு எப்படி வெட்டுப்படுதுனு காட்டுன குழுவுல இருந்தாரு. அதுக்கப்புறம் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர்ல வருஷக்கணக்கா ஸ்ப்ளைசிங் தான் அவருக்கு வேலை. கடைசில எஸ்எம்ஏங்கிற தசை நலிவு நோய்க் குழந்தைங்களுக்கு எஸ்எம்என்2 ஜீன்ல விட்டுப்போற ஏழாவது எக்ஸான, அதாவது வேண்டிய துண்ட, திரும்ப சேக்க வைக்கிற நுசினெர்சென் மருந்து வந்துச்சு, 2016 டிசம்பர்ல அமெரிக்காவுல அனுமதி. தலசீமியாவுக்கு அந்த மாதிரி ஸ்ப்ளைசிங்க திருத்துற மருந்து இன்னும் மார்க்கெட்டுக்கு வரல, அதனால இங்க யாராச்சும் மாத்திரைல சரியாயிரும்னு சொன்னா நம்பாதீங்க.

எனக்குக் கோவமே வேற விஷயத்துல. புருஷனுக்கும் உடனே பாக்கணும்னு லேப்ல ஒரு வார்த்தை சொல்லல. ரெண்டு பேரும் கேரியரா இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 சதவீதம் தலசீமியா மேஜர், அதாவது கடுமையான வகை, வர வாய்ப்பு, அப்புறம் சில வாரத்துக்கு ஒருக்கா ரத்தம் ஏத்திக்கிட்டே இருக்கணும். அதுலயும் மாப்பிள்ளை எங்க சொந்த அத்தை மகன், அப்பா வழில வந்திருந்தா அத்தைக்கும் இருக்கலாம், அத்தைக்கு இருந்தா மச்சானுக்கும் இருக்கலாம். கடல்ல இருந்து கரையேறுன மச்சான தூங்கக்கூட விடாம பஸ் ஏத்திட்டேன். அவருக்கு எச்பிஏ2 2.7, எம்சிவியும் (சிவப்பணு சைஸ்) நார்மல், டாக்டரம்மா பாத்துட்டு பயம் இல்லனு சொல்லிட்டாங்க.

இன்னொண்ணு, எச்பிஎல்சியையும் (எச்பிஏ2 அளவு பாக்குற டெஸ்ட்) ஜீன் டெஸ்ட்டையும் பேக்கேஜ்னு ஒண்ணா தள்ளிவிட்டாங்க, காசு எக்கச்சக்கம். மொதல்ல ரெண்டு பேருக்கும் எச்பிஎல்சி மட்டும் எடுங்க, ரெண்டு பேருக்கும் எச்பிஏ2 அதிகமா இருந்தாலோ பார்டர்ல நின்னாலோ டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஜீன் டெஸ்ட்டுக்குப் போங்க. காலைலயே போயிருங்க, மதியத்துக்கு மேல குடுத்தா சாம்பிள் அடுத்த நாள் தான் மதுரைக்குக் கிளம்பும். தங்கச்சிக்கு இருந்தா எனக்கும் இருக்கலாம்ல, நானும் குடுத்திருக்கேன், என்னோட எச்பிஎல்சி ரிப்போர்ட் இன்னும் வரல.