நண்பகல் வெயிலில் ஸ்டார்ட் ஆன வண்டிக்கு 38,000 ரூபாய் அழுதேன்

கேத்தியில இருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏத்துற டீசல் பிக்கப் என்னோடது. விடியக்காலை 3 மணிக்குக் கிளம்பியாகணும். போன ஜனவரியில, புல்லு மேல உறைபனி வெள்ளையாக் கிடந்த நாலு நாளும் வண்டி ஸ்டார்ட் ஆகல. செல்ஃப் நல்லாச் சுத்துது, சைலன்சர்ல வெள்ளைப் புகை வருது, அதோட சரி. வெந்நீர் ஊத்தி, இறக்கத்துல உருட்டி எப்படியோ ஓட்டினேன். (லோடோட உருட்டாதீங்க. இன்ஜின் ஓடலைன்னா பிரேக் கல்லாட்டம் இருக்கும்.)

ஊட்டியில ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டேன். பானட்டைத் திறந்த பத்தாவது நிமிஷமே, "பம்ப் போச்சுங்ணா, இன்ஜெக்டர் நாலும் போச்சு"ன்னாங்க. ஆறு நாள், 38,000 ரூபாய். பழைய சாமானைக் கேட்டா, "கம்பெனிக்கு அனுப்பியாச்சு". பில்லு, வெள்ளைத்தாள்ல ஒரே வரி.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தது 12 மணி வெயில்ல. பட்டுனு ஸ்டார்ட் ஆச்சு. ஏன் ஆகாது? டீசல் இன்ஜின்ல காத்தை அமுக்குற சூட்டுலதான் டீசல் பத்திக்கும். ராத்திரியெல்லாம் பனியில கிடந்த இரும்பு அந்தச் சூட்டைக் குடிச்சிடும். அதை ஈடுகட்ட, கரண்ட்ல பழுத்து உள்ள சூடு குடுக்கிறதுதான் ஹீட்டர் பிளக். வெயில்ல காஞ்ச இன்ஜின் அது இல்லாமலே ஸ்டார்ட் ஆகும்.

மூணாம் நாள், பழைய குருடி கதவைத் திறடி.

குன்னூர்ல வயசான மெக்கானிக் ஒருத்தர்கிட்ட போனேன். "வெள்ளைப் புகை வருதுல்ல? அப்ப டீசல் உள்ள போகுது, எரியலை. பம்ப்பை எதுக்குத் தம்பி தொட்டாங்க?"ன்னார். மீட்டரை வச்சுப் பார்த்தார். நல்ல ஹீட்டர் பிளக்னா மின்தடை ஒரு ஓம் பக்கம் காட்டணுமாம். நாலுல மூணு செத்துக் கிடந்துச்சு. டேஷ்போர்டுல ஹீட்டர் பிளக்குக்கான சுருள் விளக்கு எரிஞ்சு அணையுதேன்னு நானும் சும்மா இருந்துட்டேன். என் வண்டியில பிளக் செத்தாலும் அது பாட்டுக்கு எரியுது. முதல் கடையில ஏர் ஃபில்டர்ல, சட்டுனு பத்திக்கிற ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிச்சு ஸ்டார்ட் பண்ணதைச் சொன்னதும் தலையில கை வச்சுட்டார். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜின்ல அது கண்ட நேரத்துல வெடிச்சு பிஸ்டனையே உடைக்குமாம்.

நாலு பிளக், கூலியோட 3,200 ரூபாய்.

குளிர்ல மக்கர் பண்ற வண்டியை மெக்கானிக்கிட்ட இருந்து மத்தியானம் திருப்பி வாங்காதீங்க. ஒரு ராத்திரி வெளியில நிக்கட்டும், காலை 5 மணிக்கு நீங்களே சாவியைப் போடுங்க, அப்புறம் காசை எடுங்க.

அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டேன். "ஊட்டிக் குளிருக்கு அப்படித்தாங்ணா இருக்கும்"னார், அவரும் ஊட்டிக்காரர்தான். அடுத்த தடவை எடுக்கல.