மேல்மலையில் பூச்சிமருந்து வைக்க: இரும்புப் பீரோவா, தனி அறையா?

கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூரில் எனக்கு 2 ஏக்கர். கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு, கோஸ் என்று மாற்றி மாற்றிப் போடுகிறேன். ஓடைக்கு அந்தப் பக்கம் அண்ணனுக்கு 3 ஏக்கர். பூச்சிமருந்தை இனி வீட்டுக்குள் வைப்பதில்லை என்று 6 வருடத்துக்கு முன்பு இரண்டு வீட்டிலும் ஒரே சமயத்தில் முடிவெடுத்தோம். அதுவரை எல்லோரையும் போலத்தான்: பரணில் ஒரு சாக்கு, மாட்டுக்கொட்டகை இறவாணத்தில் நாலு பாட்டில்.

அண்ணன் தோட்டத்து ஓரத்தில் ஹாலோ பிளாக் கல்லில் தனி அறை கட்டினார். நான் வத்தலக்குண்டில் ஒரு பழைய இரும்புப் பீரோ வாங்கினேன். வீட்டிலிருந்து 20 அடி தள்ளி ஒரு தகரச் சாய்ப்பு போட்டு அதன் அடியில் நிறுத்தினேன். இரண்டையும் 6 மழைக்காலம் பார்த்துவிட்டேன். நம் மலைக்கு, 2, 3 ஏக்கர்காரருக்கு, பீரோதான் சரி என்பது என் முடிவு. அறை எங்கே நன்றாக இருக்கிறது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

பூட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடம், தீவனத்தோடும் விதைக்கிழங்கோடும் சேர்க்காமல் வைப்பது, ஓடைக்குத் தள்ளி வைப்பது இதெல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். யாரும் மனது வைத்தால் செய்துவிடலாம். செலவில் மட்டும் பெரிய வித்தியாசம். பீரோ 3,500 ரூபாய், சாய்ப்போடு சேர்த்து 9,000 ஆனது. அண்ணனுக்குக் கல்லும் சிமெண்டும் மலையேறி வந்த வண்டிக் கூலியோடு 80,000-ஐத் தாண்டியது. ஆனால் நான் பீரோ பக்கம் நிற்பதற்குக் காரணம் பணம் இல்லை, ஈரம்.

கீழ்நாட்டில் மருந்து வைப்பவர்களுக்கு வெயில்தான் கவலை. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மூடுகிற மேகம் பல நாள் மத்தியானம் வரை விலகாது. அந்த இரண்டு மாதமும் பிளாக் கல் சுவர் வியர்க்கும். ராத்திரி குளிர்ந்த கல் பகல் முழுக்கக் குளிர்ந்தே கிடக்கிறது. கதவைத் திறந்ததும் உள்ளே போகிற ஈரக்காற்று அதில் பட்டுத் தண்ணீராக இறங்குகிறது. வெளிப்பூச்சு இல்லாத கல் என்றால் சாரலையும் சேர்த்துக் குடிக்கும். அண்ணன் அறையில் முதல் வருடமே அட்டைப்பெட்டிகள் ஊறிப் பூசணம் பிடித்தன. பிரித்து வைத்த மேன்கோசெப் என்ற பூஞ்சாண மருந்துத் தூள் கட்டி கட்டியாகிவிட்டது. கட்டியான தூள் டேங்கில் சரியாகக் கரையாது. நாசிலை அடைக்கும், ஒரு டேங்க் காட்டமாகவும் அடுத்தது வெறும் தண்ணீராகவும் போகும். அதைக்கூடக் கொட்டிவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம். பாட்டிலில் இருக்கும் லேபிள் உரிந்து விழுவதுதான் எனக்குப் பயம்.

பசை ஊறியதும் முதலில் ஓரம் தூக்கும். அப்புறம் மை கலங்கும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் வெள்ளைப் பாட்டில் மட்டும் நிற்கும். என்ன மருந்து, எவ்வளவு விஷம் என்று காட்டும் முக்கோணம் எந்த நிறம், எப்போது காலாவதி, அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம், உடம்புக்குள் போனால் என்ன மாற்று மருந்து, எல்லாமே அந்தக் காகிதத்தோடு போய்விடுகிறது.

இது எங்கள் குடும்பத்தில் நடந்தது. அறை கட்டி மூன்றாவது வருடம், தை மாதம், கோஸில் புழு. அண்ணனிடம் வேலைக்கு வரும் 20 வயதுப் பையன் காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்தான். டேங்கின் மூடி சரியாக இறுகாமல் முதுகு நனைந்திருக்கிறது. குளிர் என்று நினைத்து அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மத்தியானம் வாந்தி. வியர்வை கொட்டுகிறது, வாயில் எச்சில் நிற்கவில்லை. சட்டையைக் கழற்றிச் சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, ஜீப்பில் ஏற்றிக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டது, “என்ன மருந்து அடிச்சான்?” அண்ணன் பாட்டிலை நீட்டினார். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்து என்று ஒன்றும் இல்லை.

கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்ததையும் வியர்வையையும் எச்சிலையும் வைத்து அவரே ஊகித்து அட்ரோபின் என்ற மாற்று மருந்தை ஏற்றினார். பையன் நாலு நாளில் வீடு திரும்பினான். வீட்டில் பில்லைத் தேடி எடுத்த பிறகுதான் அது குயினால்பாஸ் என்று உறுதியானது. ஆர்கனோபாஸ்பரஸ் வகை என்பதால் அட்ரோபின் கேட்டது. பைரித்ராய்டு வகையாக இருந்தால் அதற்கென்று தனி மாற்று மருந்தே கிடையாது, சிகிச்சை வேறு மாதிரிப் போகும். பெயர் தெரிந்திருந்தால் டாக்டருக்கு அந்த ஊகம் தேவைப்பட்டிருக்காது. அந்தப் பையனின் அம்மா வராந்தாவில் உட்கார்ந்து, “பேரு தெரியாததையா எம்புள்ள கையில குடுத்தீங்க?” என்று கேட்டதற்கு அன்று எங்களிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை.

சரி, பீரோவில் மட்டும் ஈரம் வராதா? வரும். விடியற்காலையில் கதவைத் தொட்டால் கை நனையும். ஆனால் அது மெல்லிய தகடு. சாய்ப்பு கிழக்குப் பார்த்தது என்பதால் வெயில் வருகிற நாளில் 10 மணிக்குள் காய்ந்துவிடும். அதற்கு மேல் சாய்ப்பின் நிழல் விழுந்துவிடுவதால் சூடும் ஏறாது. பீரோவை நாலு கல் மேல் தூக்கி வைத்திருக்கிறேன், தரை ஈரம் ஏறாமல் இருக்க. மருந்து நெடி உள்ளேயே தங்காமல் இருக்க மேலேயும் கீழேயும் துளை போட்டுக் கொசுவலை ஒட்டினேன். அப்படியும் திறந்ததும் ஒரு நிமிடம் தள்ளி நின்றுவிட்டுத்தான் கை வைப்பேன். வருடம் ஒருமுறை, புரட்டாசியில், எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்து, துருப் பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு அடிக்கிறேன். அரை நாள் வேலை. அந்த அரை நாளில் ஒவ்வொரு பாட்டிலும் என் கையில் ஏறி இறங்குவதால், காலாவதி ஆனது எது என்று அப்போதே தெரிந்துவிடும். அண்ணன் அறையைச் சுத்தம் செய்ய இரண்டு ஆள், ஒரு முழு நாள். அதனால் அது தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது.

லேபிளுக்கு நான் செய்வது சின்ன வேலை. மருந்து வாங்கி வந்த அன்றைக்கே, பூட்டுவதற்கு முன்னால், அகலமான ஒட்டும் டேப்பை லேபிளின் மேல் ஓரம் விட்டு ஒரு சுற்றுச் சுற்றிவிடுவேன். தூள் மருந்தைப் பிரித்தால் அதே கவரோடு மடித்துக் கிளிப் போட்டு, மூடியுள்ள வாளிக்குள் வைப்பேன். வேறு பாட்டிலுக்கோ டப்பாவுக்கோ ஒருபோதும் மாற்றுவதில்லை. தூள் மேல் தட்டு, திரவம் கீழ்த் தட்டு. பாட்டில் கசிந்தால் தூளை நனைக்கக் கூடாது.

எதுவுமே வைக்காதே, அடிக்கிற அன்று மட்டும் வாங்கு என்பது மூன்றாவது வழி. வேளாண்மைத் துறை ஆட்கள் தேவைக்கு மட்டும் வாங்கச் சொல்வார்கள், பேச்சுக்கு அதுதான் சரி. கடை பக்கத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். எங்களுக்குக் கொடைக்கானல் 30 கிலோமீட்டருக்கு மேல். கிழங்கில் கருகல் நோய் மேகமூட்டத்தோடு வந்தால் சில நாளில் பாத்தியே கருகிவிடும். மேன்கோசெப் போன்றது நோய் வரும் முன் இலையில் இருந்தால்தான் காக்கும். வந்த பிறகு அடித்துப் பெரிய பயன் இல்லை. மூன்று நாள் பஸ் ஓடாத மழையில் யார் போய் வாங்கி வருவது? இன்னொன்றும் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாலு பேர் சேர்ந்து ஒரு லிட்டர் பாட்டில் வாங்கி, ஆளுக்குக் கால் லிட்டர் குளிர்பான பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போகிறார்கள். வீட்டில் அதைப் பார்க்கும் பிள்ளைக்கு அது ஜூஸ்தான். எனவே தடுப்புக்கு வேண்டிய பூஞ்சாண மருந்து மட்டும் கையிருப்பு, பூச்சிமருந்து அந்தந்த முறைக்குச் சின்ன பாட்டில், பில்லோடு. பில்லில் பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். எங்களுக்கு அன்று கைகொடுத்தது அந்தப் பில்தான்.

பீரோ சிறியது என்பதும் இதற்கு உதவுகிறது. இடம் இல்லை என்பதால் சேர்ப்பதில்லை. அறையில் இடம் இருக்கும், தள்ளுபடியில் இரண்டு லிட்டர் கூட வாங்கத் தோன்றும், மூன்று வருடம் கழித்து அது மூலையில் நிற்கும். பூட்டு இருக்கிறதே என்ற தைரியமும் முழுக்கச் சரியில்லை. இலங்கையில் அனுராதபுரம் மாவட்டத்தின் 180 கிராமங்களில் பாதிக்குப் பூட்டுப்போடும் மருந்துப் பெட்டியை வீடு வீடாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-ல் வந்த முடிவு மனதைக் கஷ்டப்படுத்தியது: மருந்து குடித்தவர்களின் எண்ணிக்கையில் பெட்டி உள்ள ஊருக்கும் இல்லாத ஊருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதே நாட்டில் கொடிய மருந்துகளைத் தடை செய்த பிறகு சாவுகள் வெகுவாகக் குறைந்தன. அதைப் படித்த பிறகு விஷம் மிகக் கடுமையான சிவப்பு முக்கோண மருந்தை என் பீரோவில் வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். அதற்கு அடுத்த மஞ்சளும் வேறு வழி இல்லாதபோதுதான். கோஸ் புழுவுக்கு இப்போது பி.டி. என்ற பாக்டீரியாத் தூளில்தான் தொடங்குகிறேன்.

எழுதி வைப்பதிலும் ஈரம்தான் பிரச்சினை. அண்ணன் வீட்டுக் காலண்டரில் குறித்து வைப்பார். பொங்கலுக்குள் புதுக் காலண்டர் வந்ததும் பழையது அடுப்புக்குப் போய்விடும். என் மகன் போனில் போடலாம் என்றான், ஒரு பருவம் முயன்றோம். கையுறையோடு போனைத் தொட முடியாது, ராத்திரி போடலாம் என்று விட்டால் மறந்துவிடுகிறது. இப்போது பீரோக் கதவின் உள்பக்கம் பிளாஸ்டிக் கவரில் ஒரு 80 பக்க நோட்டு, கயிற்றில் ஒரு பென்சில். பேனா மை ஈரத்தில் பரவும், பென்சில் எழுத்து அப்படியே நிற்கும். மருந்தைத் திரும்ப வைக்கும்போதே எழுதியாக வேண்டும், கதவிலேயே தொங்குவதால் தவறுவதில்லை. கார்த்திகைப் பக்கத்தில் ஒரு வரி இப்படி: மேல் துண்டு, கிழங்கு, மேன்கோசெப் 75, பேட்ச் நம்பர், 15 லிட்டர் டேங்குக்கு 30 கிராம், 8 டேங்க், அடித்தது நான், எந்தத் தேதிக்குப் பிறகு தோண்டலாம். அந்தக் கடைசித் தேதிக்கு மட்டும் அடியில் கோடு. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் விலை ஏறியிருக்கிறது என்று போன் வரும்போது, பறிக்கலாமா கூடாதா என்பதற்கு அந்தக் கோட்டைத்தான் பார்ப்பேன்.

பீரோ தோற்கிற இடம் உறைபனி. மார்கழி, தை ராத்திரிகளில் தகடு பனிக்கட்டியாகிவிடும். திரவ மருந்துகள் சில உறைந்தால் பிரிந்து அடியில் தங்கிவிடும், பிறகு எவ்வளவு குலுக்கினாலும் பழையபடி சேராது. கல் அறை இந்த விஷயத்தில் கண்டிப்பாக மேல். நான் மார்கழிக்குள் திரவத்தைத் தீர்த்துவிடுவேன், தையில் வேண்டியதைப் புதிதாக வாங்குவேன். அதே மாதிரி 5 ஏக்கருக்கு மேல் இருப்பவருக்கும், களைக்கொல்லி அதிகம் வாங்குபவருக்கும் பீரோ போதாது. அவ்வளவு பெரிய அளவில் நான் வைத்துப் பார்த்ததில்லை, ஆனால் அண்ணன் அறையில் பார்த்த குறைகளை வைத்து ஒன்று சொல்ல முடியும். கட்டுவதானால் சுவருக்கு இரண்டு பக்கமும் பூச்சு வேண்டும். தளம் தரைமட்டத்துக்கு ஓர் அடி உயரமாக, சிமெண்ட் பூசி இருக்கட்டும். வாசலில் 3 அங்குலம் வரம்பு வைத்தால் கொட்டிய மருந்து வெளியே ஓடாது. அலமாரிப் பலகை சுவரைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி நிற்க வேண்டும். கொட்டினால் போட ஒரு வாளி மணல், உள்ளேயே.

இந்தச் சித்திரையில் அண்ணன் வெளிச்சுவருக்குப் பூச்சுப் பூசி, பலகையையும் ஒரு சாண் தள்ளி அடித்திருக்கிறார். டேப் உருளை ஒன்றும் அங்கே ஆணியில் தொங்குகிறது. சுவர் வியர்க்கிறதா இல்லையா என்பது ஐப்பசி மழை வந்தால்தான் தெரியும்.