பாலாற்று ஆய்வுக்கு யாரிடம் பணம் கேட்பது?

பாலாற்றங்கரைக் கிணறுகளில் தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேலூர்க் கல்லூரி ஒன்றின் வேதியியல் துறை புராஜெக்ட் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். அரசு நிதியை விட்டுவிட்டால் தனியாரிடம் மூன்று வழி உண்டு: வெளிநாட்டு அறக்கட்டளை, இந்திய அறக்கட்டளை, கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணம். ஒரே புரபோசலை முகவரி மாற்றி மூன்று இடத்துக்கும் அனுப்பினால் மூன்று இடத்திலும் நிராகரிக்கத்தான் செய்வார்கள். ஒவ்வொருவருக்கும் பணம் கொடுக்கக் காரணம் வேறு.

வெளிநாட்டுக் கொடை வேலூருக்குப் புதிதல்ல. நியூயார்க் வங்கியாளர் ஷெல் தன் மனைவி நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் கட்டிய மருத்துவமனை 1902இல் திறந்தது. அதே வழியில் வளர்ந்த சி.எம்.சி.யின் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ரோட்டா வைரஸ் ஆய்வுகளுக்கு வெல்கம் டிரஸ்ட், கேட்ஸ் அறக்கட்டளை இரண்டும் உதவியிருக்கின்றன. தொகை பெரிது, காலமும் நீளம். ஆனால் ஏற்கெனவே வெளியான கட்டுரைகளும் கணக்குப் பிரிவும் உள்ள நிறுவனத்துக்குத்தான் அது சரிப்படும். போதாததற்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் வேறு. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற அமைப்புக்கு வரும் பணம் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கியின் பிரதான கிளைக் கணக்கில்தான் விழ வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிவிடவும் முடியாது. கிராமத்தில் மாதிரி எடுத்துத் தரும் தொண்டு நிறுவனத்துக்கு ஒரு பங்கு என்று பட்ஜெட்டில் எழுதியிருந்தால் அந்த ஒதுக்கீடு அங்கேயே அடிபடும்.

சி.எஸ்.ஆர். பக்கத்திலேயே இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும், உள்ளூருக்கு முன்னுரிமையும் தர வேண்டும். நிலம், நீர், காற்றின் தரம் காப்பதும் பட்டியலில் உண்டு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் தொழிற்சாலை ஊர்கள். நேரில் போய்ப் பேசலாம். நிதியாண்டு முடியும் மார்ச் நெருங்கும்போது கதவு சீக்கிரம் திறக்கும்.

ஆனால் இங்கேதான் நிதானம் வேண்டும். பாலாறு கெட்டதற்குத் தோல் பதனிடும் கழிவு முக்கியக் காரணம் என்பதும், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்றதும் நமக்குத் தெரியும். தோல் கம்பெனிப் பணத்தில் குரோமியத்தை அளந்தால், முடிவு எப்படி வந்தாலும் ஊர் சந்தேகப்படும். ஒப்பந்தத்தில் 'முடிவுகளை வெளியிடும் முன் நன்கொடையாளரின் எழுத்துமூல ஒப்புதல் பெற வேண்டும்' என்று ஒரு வரி இருந்தால் அந்தப் பணமே வேண்டாம். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்கு முடிவு தெரியாமல் போவதைவிடப் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. தோலோடு தொடர்பில்லாத கம்பெனி என்றால் சி.எஸ்.ஆரில் தண்ணீரில் உள்ள உலோகத்தை அளக்கும் ஏ.ஏ.எஸ். கருவி வாங்கலாம், கிராமத்தில் சுத்திகரிப்பு அமைப்பு வைக்கலாம். நீண்ட கால ஆய்வுக்கு ஒத்துவராது: தொடர் திட்டம் என்றாலும் தொடங்கிய நிதியாண்டு போக மூன்று ஆண்டுதான்.

என் ஓட்டு இந்திய அறக்கட்டளைக்குத்தான். சர் ரத்தன் டாடா டிரஸ்ட் 1919இலிருந்து, சர் தோராப்ஜி டாடா டிரஸ்ட் 1932இலிருந்து இயங்குகின்றன. உள்நாட்டுப் பணம் என்பதால் எஃப்.சி.ஆர்.ஏ. சிக்கல் இல்லை. மெதுவாகத்தான் நகரும், "இதனால் யாருக்கு என்ன மாறும்?" என்று விடாமல் கேட்பார்கள். இந்த ஆய்வுக்கு அந்தக் கேள்வி நல்லதே. எந்த ஊர்க் கிணறுகள், முடிவை யாரிடம் சொல்வோம், மாற்றுத் தண்ணீர் எங்கிருந்து என்று இரண்டு பக்கக் குறிப்பில் எழுதி முதலில் அதை மட்டும் அனுப்புங்கள். சிறிய தொகையில் ஓராண்டு வேலை முடித்து, யூ.சி.யை (பணம் செலவான விதத்துக்கான பயன்பாட்டுச் சான்றிதழ்) காலத்தில் கொடுத்து, ஒரு கட்டுரையும் வந்துவிட்டால், அப்புறம் பெரிய நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து வெளிநாட்டு அறக்கட்டளையின் நிதி அழைப்புக்கு எழுதலாம்.