தெப்பக்காடு யானைகள் முகாம், முதுமலை வேன் சவாரி: குழந்தைகளோடு போனால் எது தேறும்?

முதுமலைக்குக் குடும்பமாகக் கிளம்புகிறவர்கள் செய்யும் முதல் தவறு, "புலி பாக்கப் போறோம்" என்று பிள்ளைகளிடம் சொல்லிக் கூட்டிப்போவதுதான். 1940-லேயே சரணாலயமாகி, 2007-ல் புலிகள் காப்பகமான காடு அது. புலி இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் வனத்துறை வேன் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள், குறிப்பிட்ட தடத்தில் மட்டும் போய்த் திரும்புகிறது. தடத்தின் இருபுறமும் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. அதற்குள் யானையே நின்றாலும் சில சமயம் காதசைவுதான் தெரியும். புலியை எதிர்பார்த்த குழந்தைக்குப் புள்ளிமான் கூட்டம் ஒன்றுமில்லாததாகிவிடும். அது பெரிய நஷ்டம்.

பயணத்தின் மையம் தெப்பக்காடு முகாமில் யானைகளுக்குக் கவளம் ஊட்டும் நேரமாக இருக்கட்டும். மற்றதெல்லாம் அதைச் சுற்றி அமையட்டும். ஐந்து வயதுப் பிள்ளையும் பதினைந்து வயதுப் பிள்ளையும் ஒரே அளவு கண் விரிய நிற்கும் இடம் முதுமலையில் அது ஒன்றுதான்.

கவளம் காலை எட்டரையை ஒட்டியும் மாலை ஐந்தரையை ஒட்டியும் நடக்கிறது. நேரம் கொஞ்சம் முன்பின் ஆகும் என்பதால் முந்தின நாளே தெப்பக்காடு வரவேற்பு மையத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி முன்னதாகப் போனால்தான் தடுப்பை ஒட்டி நிற்க இடம் கிடைக்கும். பின்வரிசையில் மாட்டிக்கொண்டால் சின்னப் பிள்ளைகள் பெரியவர்கள் முதுகைத்தான் பார்ப்பார்கள். இந்த முகாமில் வளர்ந்த குட்டியானைகளைப் பற்றிய ஆவணப்படம் 2023-ல் ஆஸ்கர் வாங்கிய பிறகு வார இறுதியில் கூட்டம் நெரிகிறது. செவ்வாய் முதல் வியாழன் வரை போக முடிந்தால் நல்லது.

கேழ்வரகும் கொள்ளும் சோறும் வேகவைத்து, வெல்லம், உப்பு, தாது உப்புக் கலவை சேர்த்துப் பிசைகிறார்கள். ஒவ்வொரு யானைக்கும் அளவு வேறு. வயது, எடை, உடல்நிலை பார்த்துக் கால்நடை மருத்துவர் சொல்வதுதான் கணக்கு. பாகன் இரண்டு கையாலும் உருட்டி எடுத்து வர, யானை துதிக்கையைச் சுருட்டி மேலே தூக்கி வாயைத் திறக்கும். உருண்டையைக் கை முழங்கை வரை போகும்படி நாக்கின் மேல் வைத்துத் தள்ளுகிறார். துதிக்கையில் கொடுக்காமல் வாயிலேயே ஏன் வைக்கிறார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பல நாள் உருண்டைக்குள் மருந்தும் இருக்கும். துதிக்கையில் கொடுத்தால் பிரித்து உதறிவிட அதற்குத் தெரியும். யானைக்கு வயிறு நிறைவது இதனால் அல்ல. நாளுக்கு 150 கிலோவுக்கு மேல் தின்னும் பிராணி அது. அந்தத் தீனி காட்டுப் புல்லும் தழையும்தான்.

காலில் சங்கிலி ஏன் என்ற கேள்வியும் கட்டாயம் வரும். மழுப்பாமல் சொல்லிவிடுங்கள். முகாம் யானைகளைக் காட்டில் மேயவிடும்போது சங்கிலி தரையில் இழுபட்டுத் தடம் போட்டுக்கொண்டே போகும். அந்தத் தடத்தைப் பிடித்துத்தான் பாகனும் காவடியும் யானையைத் தேடிப் போவார்கள். காவடி என்றால் பாகனுக்கு உதவியாள். இவர்களில் பெரும்பாலோர் காட்டுநாயக்கர், குறும்பர், இருளர், மலசர் போன்ற பழங்குடியினர். அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்த தொழில். 'யானைக்காரன்' என்று விரல் நீட்டாமல் 'பாகன் அண்ணா' என்று கூப்பிடச் சொல்லிப் பழக்குங்கள். கூட்டம் குறைவாக இருந்தால் அவர்களே யானையின் பேரும் வயதும் குணமும் சொல்வார்கள். ஊருக்குள் இறங்கும் காட்டுயானையை விரட்டப் போகும் கும்கி எது என்று கேட்டால் பிள்ளைகளுக்குக் கதை கிடைத்துவிடும்.

கையில் ஒரு நோட்டைக் கொடுத்து எண்ணச் சொல்லலாம். நம் ஆசிய யானைக்கு முன்காலில் பெரும்பாலும் ஐந்து நகம், பின்காலில் நான்கு. துதிக்கை நுனியில் விரல் போன்ற மேல்நீட்சி ஒன்று; ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு. காதோரத்தில் இளஞ்சிவப்பாக நிறம் வெளுத்த புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி. தொடுவதற்கும் தீனி கொடுப்பதற்கும் அனுமதி கிடையாது. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

இனி வேன். காலையில் ஆறரை வாக்கில் தொடங்கும் முதல் டிரிப்பைப் பிடியுங்கள். திரும்பி வந்து இட்லி சாப்பிட்டுவிட்டு நேராகக் கவளத்துக்குப் போய்விடலாம், நேரம் கச்சிதமாகப் பொருந்தும். டிரிப் நடுவே இறங்க முடியாது. ஏறுவதற்கு முன் எல்லாப் பிள்ளைகளையும் கழிப்பறைக்கு அனுப்பிவிடுங்கள். டிசம்பர், ஜனவரிக் காலையில் ஸ்வெட்டரும் காதுமறைக்கும் குல்லாயும் அவசியம். சிவப்பு, வெள்ளைச் சட்டை தவிர்த்து மங்கிய நிறம் போடுங்கள். நொறுக்குத்தீனிப் பொட்டலத்தைப் பைக்குள்ளேயே வையுங்கள். அந்தச் சத்தத்துக்குக் குரங்கு முதலில் வரும், மான் முதலில் ஓடும். புள்ளிமான், மயில், மந்தி அநேகமாக உறுதி. காட்டுமாடும் யானையும் பல நாள் கிடைக்கும். செந்நாய்க் கூட்டம் கண்ணில் பட்டால் அதுவே அதிர்ஷ்டம், புலிக்குக் குறைந்ததில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். நான்கு வயதுக்குக் கீழே என்றால் வேனை விட்டுவிடலாம். அந்த வயதுக்கு ஒரு மணி நேரம் வாய்மூடி உட்கார்வது தண்டனை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத்தீ அபாயத்தால் சவாரியை நிறுத்தி வைக்கும் ஆண்டுகள் உண்டு. அறை போடுமுன் விசாரியுங்கள்.

பக்கத்து ஊரான மசினகுடியில் தனியார் ஜீப்காரர்கள் 'சஃபாரி' என்று கூப்பிடுவார்கள். அவர்கள் காப்பகத்தின் உள்தடங்களுக்குப் போக முடியாது. பொதுச்சாலையிலும் ஊரோரத்திலும்தான் சுற்றுவார்கள். அது தெரிந்து போனால் குறையில்லை, அந்தப் பக்கம் வறண்ட வெளி, பார்வை தூரம் போகும். வானத்தையும் பாருங்கள். இந்தியாவில் அருகிவிட்ட பாறு கழுகுகள் மாயாறு பள்ளத்தாக்கில் இன்னும் கூடு கட்டுகின்றன. ஆனால் 'நைட் சஃபாரி' என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அது சட்டவிரோதம், பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஆபத்தும்கூட. மசினகுடியை ஒட்டிய சீகூர் யானை வழித்தடத்தில் கட்டிய விடுதிகள் பற்றிய வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே வந்திருக்கிறது. தங்குமிடத்துக்கு உரிமம் உண்டா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வனத்துறை விடுதி கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. வசதி குறைவு, ஆனால் வாசலில் மான்.

பாதையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழி 36 கொண்டை ஊசி வளைவுகளோடு சட்டென்று மசினகுடிக்கு இறங்கிவிடும். ஆனால் வெளியூர் வண்டிகளை அதில் இறங்க விடுவதில்லை. செங்குத்து இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. ஏறுவதற்குத் தடையில்லை. ஆகவே போகும்போது கூடலூர் வழி, சுமார் 67 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது கல்லட்டி ஏறி ஊட்டி. வளைவில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்குக் கிளம்புமுன் பால் கொடுக்காதீர்கள். இரண்டு இட்லி போதும், ஜன்னலைத் திறந்து, போனைப் பிடுங்கி வைத்து, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

காட்டுச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும். மைசூரிலிருந்து வருகிறவர்கள் பந்திப்பூரில் மாட்டிக்கொள்வது இதனால்தான். நீலகிரிக்குச் சொந்த வண்டியில் வர இ-பாஸ் வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவு. கோடைக்கு 2025-ல் வைத்த உச்சவரம்பு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. அரசுப் பேருந்தில் வந்தால் இந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச்சாவடியிலேயே எடுத்துவிடுவார்கள், ஆளுக்கொரு சில்வர் பாட்டில் கொண்டு போங்கள்.

கல்லட்டி ஏறியதும் தலைக்குந்தா. அதன் அருகே முத்தநாடு மந்து, நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் கூம்பு வடிவக் கோயில் இருக்கும் ஊர். தோடர் குடியிருப்பை மந்து என்பார்கள். டிசம்பர், ஜனவரியில் அவர்களுடைய புத்தாண்டு விழா இங்கேதான். வேடிக்கைப் பொருள் அல்ல, மனிதர்கள் வாழும் வீடுகள். கேட்காமல் உள்ளே நுழைவதும் படமெடுப்பதும் தவறு. கோயில் எல்லைக்குள் பெண்கள் போவதில்லை. மகளைக் கூட்டிப்போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அங்கே போய் மனம் கோணாது. மந்துக்குள் போக வேண்டாமென்றால் முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம், ஊட்டியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். திறந்திருக்கிறதா என்று போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஊட்டியில் வாங்கத் தகுந்தது தோடர் பூவேலை, 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. அவர்கள் போர்த்தும் பூத்துக்குளியில் வெள்ளைப் பருத்தித் துணியின் மேல் சிவப்பும் கறுப்புமாக ஓடும் வேலை. துணியில் கோடு எதுவும் வரைவதில்லை. நெசவின் இழைகளை எண்ணி எண்ணி ஊசி போடுகிறார்கள். கடைத்தெருவில் இயந்திரத்தில் போட்டதும் அச்சடித்ததும் கலந்து கிடக்கிறது. துணியைத் திருப்பிப் பாருங்கள். கைவேலை என்றால் நூல் மறுபக்கத்திலும் அதே கோலத்தில், சற்று மேலெழும்பி இருக்கும். அந்த மேலெழும்பிய பக்கத்தைத்தான் தோடர்கள் நேர்ப்பக்கமாகக் கொள்கிறார்கள். ஒரு கட்டத்தில் எத்தனை இழை என்று பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். அடுத்த கட்டத்திலும் அதே கணக்கு வந்தால் வாங்கலாம். முழுச் சால்வைக்குக் கையில் காசு போதாவிட்டால் சின்னப் பர்ஸ் ஒன்று போதும்.