உப்புக்காற்றில் ஓர் எஃகு மிதிவண்டி: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

நாகர்கோவிலைச் சுற்றி நெடுந்தூரம் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்குக் கடலும் மலையும் ஒரே நாளில் வாய்த்துவிடுகின்றன. காலையில் முட்டம், மணவாளக்குறிச்சி, குளச்சல் என்று கடலோரமாகச் சென்று, பிறகு தக்கலை, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை அணை வரை ஏறிவிடலாம். உப்புக்காற்று, கடற்கரை மணல், ரப்பர் தோட்டத்துச் செம்மண் சேறு, இரண்டு பருவமழைகள் ஆகிய எல்லாவற்றையும் வண்டியின் ஒரே செயின் தாங்கியாக வேண்டும்.

எஃகுச் சட்டகமும், 35 மி.மீ. டயரும், கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக்கும் கொண்ட டூரிங் வண்டியைப் பல ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். எடை அதிகம்தான், ஆனால் மோசமான சாலையில் அது தரும் நிதானத்துக்காக அந்த எடையை மனமார ஏற்கிறேன். எஃகுக்குத் துரு உள்ளிருந்துதான் வரும் என்பதால், ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும் சீட்டைத் தாங்கும் குழாயை உருவி, சட்டகத்துக்குள் தேங்கிய நீரை வடித்து, கிரீஸ் தடவிப் பொருத்துகிறேன்.

அதிகக் கவனம் கேட்பது செயின். கடலோரப் பயணம் முடிந்த அன்றே வாளி நீரால் மெதுவாகக் கழுவித் துடைத்துவிட வேண்டும். அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீர் பேரிங்குகளுக்குள் புகுந்து கிரீஸைக் கரைத்துவிடும். காய்ந்ததும் கண்ணிக்கு ஒரு சொட்டு வீதம் செயின் ஆயில் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, வெளிப்புறத்தில் எஞ்சியதைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வெளியே எண்ணெய் பளபளத்தால் மணலை அதுவே இழுத்து ஒட்டவைக்கும். பழைய என்ஜின் ஆயிலைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. உலோகத்துகள் கலந்த அந்தக் கரிய எண்ணெயை நான் வண்டிக்கருகே கொண்டுவருவதில்லை.

தேய்மானத்தை அளக்க நீளமான இரும்பு அளவுகோல் போதும். செயின் கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னின் (pin) நடுவில் பூஜ்யத்தை வைத்தால், புதுச் செயினில் அங்கிருந்து 24ஆவது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயினை மட்டும் மாற்றினால் போதும். 1/8 அங்குலம் வரை விட்டுவைத்தால் பின்சக்கரப் பற்களும் தேய்ந்து, புதுச் செயின் பிடிக்காமல் வழுக்கும்.

இவ்வளவு பராமரிப்பைச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது: வண்டியை எடுத்துக் கிளம்பும் ஊக்கம். விடியற்காலையில் கிளம்ப மனமில்லாத நாள்களில் நான் முதலில் டயரின் காற்றையும், டிஸ்க்கில் பிரேக் கட்டை உரசுகிறதா என்பதையும்தான் பார்க்கிறேன். காரணம் தெரியாத சோர்வு பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்; உரசல் நீங்கிச் சக்கரம் ஓசையின்றிச் சுழல்வதைக் கண்டதும் கிளம்பும் ஆசை தானாகவே வந்துவிடுகிறது.

காற்று வேறு வகைச் சோதனை. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் காற்று, வள்ளியூர் நோக்கிப் போகும்போது முதுகைத் தள்ளும். திரும்பும்போது காற்றாலைகளுக்கு நடுவே நெஞ்சில் மோதும். அந்த மாதங்களில் வேகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். உலக அளவில் பிரெவே எனப்படும், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர மிதிவண்டிப் பயணங்களை அங்கீகரிக்கும் பிரெஞ்சு அமைப்பான ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் 200 கி.மீ.க்கு 13½ மணி நேரம் தருகிறது. ஓய்வையும் சேர்த்து மணிக்கு 15 கி.மீ.கூடத் தேவையில்லை. இந்தக் கணக்கு மனத்தில் பதிந்த பிறகு, எதிர்காற்றில் மெல்ல மிதிப்பதும், வழியில் நிறுத்தி நாலு மட்டிப்பழம் சாப்பிடுவதும் உறுத்துவதில்லை.

கியர் கேபிள்களைச் சாரல் தொடங்குமுன் மாற்றிவிடுவது நல்லது. உறைக்குள் துரு ஏறிவிட்டால் ஏற்றத்தில் கியர் விழாது. இந்த வண்டியில் எனக்கு மீதமுள்ள ஒரே குறை பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்தான். மழையில் சேறு எளிதாக உள்ளே போய்விடுகிறது. அடுத்த மழைக்கு முன் சேறு புகாதபடி மூடிய சீல்டு பேரிங் கொண்ட ஹப் வாங்கி, இதே ரிம்மில் சக்கரத்தைப் புதிதாகக் கட்டச் சொல்லவிருக்கிறேன்.